பதின்மூன்றாம் மாதம்

கேள்வி: புதுக் கார் வாங்கும் வேளையில், நீட்டித்த வாரண்டிக்கென்று தனியே பணம் கட்டச் சொல்கிறார்களே, கட்டலாமா?
— ஒரு வாசகர், மல்லாங்கிணறு

பதில்: சிவகாசி இருக்கும் ஜில்லாவில் வசிக்கும் தங்களுக்கு, ஓசை பெரிதாயிருப்பதனால் மட்டும் பயன் பெரிதாகிவிடாது என்பதை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உதாரணமாக, 2024 ஜூலையில் மாருதி சுஸுகி நிறுவனம், 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்றிருந்த தன் அடிப்படை உத்தரவாதத்தை 3 வருஷம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் என உயர்த்திவிட்டமையால், விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் போய்வருவதோடு திருப்தியுற்று, 3 வருஷத்துக்குள் வண்டியை விற்றுவிடும் சுபாவமுடையவருக்கு அந்த உபரிச் செலவு அநாவசியம். ஒரே வண்டியோடு நெடுங்காலம் சம்சாரம் நடத்துகிறவருக்கோ, தானியங்கி கியர், மின்னணுப் பாகங்கள் முதலியன பழுதுற்றால் நேரும் பெருஞ்செலவை உத்தேசிக்குமிடத்து, அது ஒருவாறு விவேகமே. ஆயினும் டயர், பிரேக் பேட், கிளட்ச் போன்ற தேய்மானப் பொருள்கள் பெரும்பாலும் அதில் அடங்கா. குறித்த காலத்தில், அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்யாவிடில், நமத்துப்போன சரவெடியைப் போல, அந்த வாரண்டிப் பத்திரம் அவசியமான தருணத்தில் வெடிக்காமலே போகக்கூடும். நாட்காட்டி, கிலோமீட்டர்க் கணக்கு ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அன்றே அது காலாவதியாகும். நாட்காட்டி அச்சிடுவதில் பேர்பெற்றதும் தங்கள் சிவகாசியே ஆகையால், அங்கே சொல்லி வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் போடச் செய்வீராயின், வாரண்டி இலவசமாகவே நீளும்!