வண்டி ரன்னிங் இன்ல இருக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கார் புதுசா பழசா என்று தெரிந்துகொள்ள பெயின்ட்டைப் பார்க்க வேண்டியதில்லை. பின் கண்ணாடியைப் பார்த்தால் போதும். ‘ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்’ என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். எஞ்சின் இன்னும் பழகவில்லை, நான் மெதுவாகத்தான் போவேன், அவசரமென்றால் முந்திக்கொள்ளுங்கள் என்று பின்னால் வருகிறவருக்கு விடுக்கும் பணிவான வேண்டுகோள். பணிவெல்லாம் எழுத்தில்தான். ஒட்டியவர் மனதில் அதற்கு ஒரே அர்த்தம்: பார்த்துக்கொள், இது செகண்ட் ஹேண்ட் இல்லை.

அப்பா பாளையங்கோட்டையில் வக்கீல். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து 1982-இல் பிரீமியர் பத்மினி வாங்கினார். எங்கள் தெருவில் யாரும் அதைப் பத்மினி என்று சொன்னதில்லை; ஃபியட்தான். 1,089 சிசி எஞ்சின், ஸ்டியரிங்கை ஒட்டிக் கை கியர். அதே 1,089 சிசி அளவில் ஃபியட் கம்பெனி 1937-லேயே இத்தாலியில் எஞ்சின் செய்து ஓட்டிக்கொண்டிருந்தது. உலகப் போருக்கு முந்தைய அந்த அளவு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது புத்தம் புதுசு. மாவிலை கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம்.

வண்டியைச் சுற்றி வந்து பார்த்த மெக்கானிக் அண்ணாச்சி சட்டத்தை அறிவித்தார். “மொத 500 கிலோமீட்டருக்கு 40-ஐத் தாண்டப்படாது. அப்புறம் 1,500 வரைக்கும் 60. பச்சப் புள்ள மாரி பாத்துக்கிடணும் ஐயா.” கோர்ட்டில் சாட்சியை மூச்சுவிட விடாமல் குறுக்கு விசாரணை செய்கிற அப்பா, அண்ணாச்சியை மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஏன் 40, ஏன் 45 ஆகாது என்று கேட்டிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டுத் தாள் ஒட்டப் போய்விட்டார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது ஒரு விரதம். விடிந்ததும் சோக்கை இழுத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அது ‘சூடாகட்டும்’ என்று அப்பா உள்ளே போய்க் காபி குடித்து, பேப்பரில் தலையங்கம் வரை படித்துவிட்டு வருவார். அதுவரை பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் புகையில் இருப்பார்கள். தெருமுனை திரும்புவதற்குள் டாப் கியர் விழுந்துவிடும். 25-இல் டாப் கியர் போட்டால் வண்டி உதறும். அந்த உதறலை அப்பா அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். எஞ்சின் சத்தம் போடவில்லையென்றால் ஓய்வாக இருக்கிறது என்று அவர் கணக்கு.

திருச்செந்தூர் ரோட்டில் எங்களைச் சைக்கிள் தவிர எல்லாமே முந்தின. ஒருமுறை கட்டபொம்மன் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நிதானித்தது. கண்டக்டர் படிக்கட்டில் நின்று குனிந்து, “என்ன ஐயா, கயிறு கட்டி இழுக்கணுமா?” என்று அக்கறையாக விசாரித்தார். அப்பா கட்டைவிரலால் பின் கண்ணாடியைச் சுட்டிக் காட்டினார். அவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

500 கிலோமீட்டர் முடிந்த அன்று ஆயில் மாற்றினார்கள். அண்ணாச்சி அடியில் படுத்து ட்ரெயின் போல்ட்டைக் கழற்ற, தகர டப்பாவில் கறுப்பாக இறங்கியது. ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து வெயிலில் நீட்டினார். ஜரிகைத் துகள் மாதிரி மினுமினுவென்று ஏதோ தெரிந்தது. “பாத்தியளா, எஞ்சின் பொடி. இத உள்ள விட்டா அரிச்சிரும்.” அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த விரலைப் பார்த்தார். அண்ணாச்சி சொன்ன எல்லாவற்றுக்கும் அன்று சாட்சியம் கிடைத்துவிட்டது.

ஆனால் ரன்னிங் இன்னின் முழுப் பயனை எஞ்சினைவிட அப்பாதான் அடைந்தார். சித்தப்பா மச்சினன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பா? “வண்டி ரன்னிங் இன்ல இருக்கு. ஆறு பேர் ஏறினா எஞ்சின் தாங்காது.” அத்தை வீட்டார் குற்றாலம் போக வேண்டுமா? “மலை ஏத்தமெல்லாம் இப்பக் கூடாது, டாக்டர் மாரி மெக்கானிக் சொல்லியிருக்கான்.” முகத்தை முறிக்காமல் மறுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தமிழ்க் குடும்பத்துக்கு அதற்கு முன்பும் கிடைக்கவில்லை, பின்பும் கிடைக்கவில்லை. மீட்டர் 1,500-ஐத் தாண்டியும் தாள் இறங்கவில்லை. வெயிலில் மஞ்சளடித்து, ‘ப்ளீஸ்’ உதிர்ந்து, ‘பாஸ்’ மட்டும் மிச்சமான பிறகும் உறவினர்களுக்கு எங்கள் கார் பழகாத வண்டியாகவே இருந்தது.

எஞ்சினுக்கு உண்மையில் என்ன வேண்டியிருந்தது? சிலிண்டரின் உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டுத்தான் அனுப்புவார்கள். ஆயில் அதில் தங்க வேண்டும். பிஸ்டன் ரிங் அந்தக் கீறல்களின் மேட்டைத் தேய்த்துச் சுவரோடு பொருந்தி உட்கார வேண்டும். ரிங்கைச் சுவரில் அழுத்துவதில் பெரும்பங்கு எரியும் வாயுவின் அழுத்தத்துக்கு. எஞ்சினுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்தால்தான் அந்த அழுத்தம் வரும். அதற்காக முழு ஆக்சிலரேட்டரை மிதிக்கவும் கூடாது. வேகத்தை ஏற்றி இறக்கி, கியரை மாற்றி மாற்றி ஓட்டுவதே பழக்கும் வழி. ஒரேயடியாகத் தடவிக்கொடுத்தால் ரிங் உட்காராது. ஆயில் சுவரில் காய்ந்து பளபளவென்று படிந்துவிடும். சோக்கை இழுத்துவிட்டு நிறுத்திவைத்தால் எரியாத பெட்ரோல் சுவரில் இருக்கிற ஆயிலையும் கழுவிவிடும். சின்ன வேகத்தில் டாப் கியர் போடுவது ஓய்வே இல்லை, முக்கவைப்பது.

ஆக, அப்பா கடைப்பிடித்த விரதத்தில் ஆயில் மாற்றியதைத் தவிர மற்றதெல்லாம் அபசாரம். சில வருஷத்தில் வண்டி பின்னால் நீலப் புகை விட்டது. ஆயிலைக் குடிக்கத் தொடங்கியது. அண்ணாச்சி ஹெட்டைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “வண்டிய ஓட்டாம தாலாட்டிட்டியளே ஐயா!” என்றார். பச்சப் புள்ள என்று சொன்ன அதே வாய்.

வண்டியோடு ஒரு புத்தகமும் வந்திருந்தது. அப்பா அதற்குப் பிரௌன் பேப்பர் அட்டை போட்டு, பத்திரங்களோடு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். கசங்கிவிடக் கூடாது என்று யாரையும் தொட விட்டதில்லை. அவரும் தொட்டதில்லை.

போன வருஷம் சென்னையில் என் மகன் கார் வாங்கினான். காத்திருப்பும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை. ஷோரூமில் பட்டுத் துணியை இழுத்தோம், கேக் வெட்டினோம், முறம் அளவுக்கு ஓர் அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றோம். “ரன்னிங் இன் உண்டா தம்பி?” என்று விற்பனைப் பையனிடம் கேட்டேன். “அதெல்லாம் அந்தக் காலம் அங்கிள். இப்பவே ஈசிஆர்ல விட்டுப் பாருங்க, பறக்கும்.”

பையன் சொன்னதில் பாதி நிஜம். இப்போது சிலிண்டர் சுவரைக் கடைவதும் தேய்ப்பதும் கம்ப்யூட்டர் சொல்படி நடக்கிறது. கீறலின் கூர்மேட்டைத் தொழிற்சாலையிலேயே மழுக்கி அனுப்புகிறார்கள். ஆயிலும் 0டபிள்யூ-20 என்று தண்ணீராக வந்துவிட்டது. 1,000 கிலோமீட்டரில் வரும் முதல் சர்வீஸில் பல கம்பெனிகள் ஆயிலை மாற்றுவதே இல்லை. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். விரலை வெயிலில் நீட்ட யாருக்கும் வேலையில்லை.

அந்த 1,000 கிலோமீட்டரும் மாதக்கணக்கில் நகரவில்லை. அடுத்த வாரமே குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிவிட்டோம். சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்பினால் கணக்கு தீர்ந்தது. திண்டிவனம் தாண்டியதும் மகன் 100-இல் க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டுக் காலை மடக்கிக்கொண்டான். முள் அசையவில்லை. பொழுது போகாமல் கிளவ் பாக்ஸைத் திறந்தேன். புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருந்தது. பிரித்தேன். முதல் 1,000 கிலோமீட்டர் என்று ஒரு பக்கமே இருந்தது: எஞ்சின் சுழற்சி 2,000-க்கும் 4,000-க்கும் இடையில் இருக்கட்டும், ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டாதீர்கள், பிரேக்கை அறைந்து மிதிக்காதீர்கள்.

ஒரே வேகத்தில் வெகுநேரம். தாத்தா 40-இல் செய்ததைப் பேரன் 100-இல் செய்துகொண்டிருந்தான். ஒருவருக்கு மெக்கானிக் சொன்னது வேதம், இன்னொருவனுக்கு ஷோரூம் பையன் சொன்னது. சத்தமாகப் படித்துக் காட்டினேன். “அப்பா, அதெல்லாம் கம்பெனிக்காரன் தப்பிச்சுக்கிறதுக்குப் போடுறது” என்றான். உளுந்தூர்பேட்டை வந்தும் முள் அப்படியே நின்றது.

இப்போது எதிர்வீட்டுக்காரர் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். சிலிண்டர் இல்லை, ரிங் இல்லை, எஞ்சின் ஆயில் இல்லை. பழக்க எதுவுமே கிடையாது என்று அவர் மார்தட்டுகிறார். புது டயரின் மேல்தோல் தேய்ந்து பிடிப்பு வரவும், பிரேக் பேட் டிஸ்க்கோடு படியவும் அதற்கும் கொஞ்ச தூரம் நிதானம் தேவை என்று சொல்லிப் பார்த்தேன். புத்தகத்தில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். எடுங்கள், பார்ப்போம் என்றேன். புத்தகமே தரவில்லையாம், எல்லாம் வண்டியின் திரைக்குள் இருக்கிறதாம். பூட்டவும் வேண்டாம், உறை பிரிக்கவும் வேண்டாம். படிக்காமல் இருப்பது இவ்வளவு சுலபமாகும் என்று அப்பா எதிர்பார்த்திருக்கமாட்டார்.