லட்சுமணன் அம்பும் லீட்ஸ் டீ ஜாடியும்

லீட்ஸ்,
2025 நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மாப்ள,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் சிரிப்பாய். நேற்று ராத்திரிதான் வாட்ஸப்பில் முகம் பார்த்துப் பேசினோம். ஆனால் உனக்குப் பின்னால் தங்கச்சி சீரியல் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டால், நான் சொல்வதில் பாதி உனக்குக் கேட்பதில்லை. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு வயிற்றெரிச்சல். இந்த நாட்டில் டிவி பார்க்க லைசென்ஸ் வாங்க வேண்டும். கார் ஓட்டுவதற்கு மாதிரி. இந்த ஏப்ரலிலிருந்து வருஷத்துக்கு 174 பவுண்டு 50 பென்ஸ். எங்கள் தாத்தா மர்பி ரேடியோவுக்கு வருஷாவருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டி, அந்தச் சின்னப் புத்தகத்தை ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருப்பாரே, ஞாபகமிருக்கா? நம் நாடு எப்போதோ தலைமுழுகிய பழக்கத்தை, நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இன்னும் விடவில்லை. கருப்பு வெள்ளை டிவி என்றால் 58 பவுண்டு 50 பென்ஸ்தான். இதைக் கேட்டதிலிருந்து நம்ம மேலூர்க்காரன், "அண்ணே, ஒரு பழைய டிவி தேடுவமா?" என்று நச்சரிக்கிறான்.

மேலூர்க்காரன் ஐ.டி.யில் இருக்கிறான். இன்னொருத்தர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதில் எனக்கு மூத்தவர். சனிக்கிழமை சாயங்காலமானால் மூன்று பேரும் என் வீட்டில் கூடிவிடுவோம். நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் வேறு என்ன செய்ய? டீ, பஜ்ஜி, பேச்சு. போன வாரம் பேச்சு டிவியில் தொடங்கியது. ரூபவாஹினி வந்த புதிதில் எங்கள் மொட்டைமாடி ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி வைத்து, ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் சிங்களச் செய்தியைக் கடைசி வரை பார்த்த கதையைப் பெருமையாகச் சொன்னேன். யாழ்ப்பாணத்தார் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார்.

"அடப்பாவி! நாங்கள் 'ஒளியும் ஒலியும்' பாக்கவெண்டு உங்கட பக்கம் அன்டனாவைத் திருப்பினனாங்களடா!"

நினைத்துப் பார் மாப்ள. வெள்ளிக்கிழமை ராத்திரி நாம் அவர் ஊரைப் பார்த்துக் கம்பியைத் திருப்புகிறோம், அவர் நம்மைப் பார்த்துத் திருப்புகிறார். நடுவில் கடலில் மீன் பிடித்தவன்தான் நிம்மதியாக இருந்திருப்பான்.

கோடைக்கானல் கோபுரம் வந்த பிறகு எங்கள் வீட்டு ஆன்டெனாவுக்கு வேலை கூடிவிட்டது. இலங்கை தென்கிழக்கில், கோடை அநேகமாக அதற்கு நேர் எதிரில். நான் மாடியில் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "வருதா?" என்பேன். கீழே திண்ணையில் நிற்கும் நீ "வரல!" என்பாய். "இப்ப?" "புள்ளி புள்ளியா வருது!" "இப்ப?" "வந்துருச்சு, கையை எடுக்காத!" கையை எடுக்காமல் நான் மாடியிலேயே நிற்க, நீங்களெல்லாம் கீழே பாட்டுப் பார்த்தீர்கள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் நேர்கோணம் என்றால் 180 டிகிரி என்று எனக்குப் புரிந்தது அந்த மாடியில்தான், வகுப்பில் இல்லை.

டிவியிலிருந்து பேச்சு கணக்குக்குத் தாவியது இப்படித்தான். மேலூர்க்காரனுக்கு 'மர்மதேசம்', 'சக்திமான்' காலம். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ராமாயணத்தின் அருமை எங்கே தெரியும்? நாம் பத்தாவது படித்த 1987-88-ஐச் சொன்னேன். ஞாயிறு காலை கணக்கு டியூஷன். சார் வீட்டுக் கூடத்தில் கோரைப்பாய் விரித்து இருபது பேர். ஒன்பதரை மணி ஆனதும் சாரே சாக்பீஸை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, டிவி பெட்டியின் மரக்கதவைத் திறப்பார். தெருவில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவார்கள். ஒருத்தருக்கும் இந்தி தெரியாது, எல்லோருக்கும் கதை தெரியும்.

அந்த அம்புகளை மறக்க முடியுமா? லட்சுமணன் இந்தப் பக்கம் ஒன்று விடுவான், இந்திரஜித் அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் ஆகாயத்தில் மாட்டுத்தாவணிக்கு வரும் டவுன் பஸ் மாதிரி மெதுவாக ஊர்ந்து வரும். நடுவில் ஆளாளுக்கு முகம் காட்டுவார்கள். அம்புகள் மோதுவதற்குள் விளம்பரம் வந்துவிடும். ஒரு ஞாயிறு டிவியை அணைத்த கையோடு சார் போர்டில் எழுதினார்: இரண்டு அம்புகள் 400 கி.மீ. இடைவெளியில் எதிரெதிரே புறப்படுகின்றன, ஒன்றின் வேகம் மணிக்கு 60, மற்றதன் வேகம் 40, எப்போது சந்திக்கும்?

நான்தான் எழுந்து, "அடுத்த ஞாயித்துக்கிழமை சார்" என்றேன்.

அன்றைக்கு விழுந்த அடியைவிட, சார் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்ததுதான் எனக்கு ஞாபகமிருக்கிறது. அடித்து முடித்துவிட்டுத்தான் சிரித்தார், அது வேறு விஷயம். விடை நாலு மணி நேரம். பத்தாவது பரீட்சையில் அதே மாதிரிக் கணக்கு ரயிலாக வந்தது. நான் அம்பாக நினைத்துப் போட்டு மார்க் வாங்கினேன்.

இப்போது பக்கத்து வீட்டுப் பாட்டி விஷயம். எண்பது தாண்டியாச்சு, தனியாக இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மதியம் இரண்டு மணி வாக்கில் சுவரைத் தட்டுவார். 'கவுன்ட்டவுன்' தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சேனல் 4 என்ற சேனலே 1982-ல் இந்த நிகழ்ச்சியோடுதான் தொடங்கியதாம். ரொம்ப வருஷம் இந்த லீட்ஸில்தான் படம் பிடித்தார்கள், அதனால் பாட்டிக்கு அது சொந்த ஊர்த் திருவிழா மாதிரி. ஆறு எண்கள் கொடுப்பார்கள், மூன்று இலக்கத்தில் ஓர் இலக்கு. முப்பது நொடிக்குள் கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ அதைக் கொண்டுவர வேண்டும். ஜெயித்தால் பரிசு ஒரு டீ ஜாடி. ஆமாம், டீ ஜாடி. நம்மூர் டிவியில் தங்கக்காசு அள்ளிக் கொடுக்கிறார்கள், இவர்கள் ஜாடிக்கு மூளையைக் கசக்குகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை டிவியில் விளம்பரம் வந்த நேரத்தில் பாட்டி தானே ஒரு கணக்கு எழுதி நீட்டினார்: 100, 25, 7, 7, 3, 2. இலக்கு 847. சமையலறை டைமரைத் திருகிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, திண்ணையில் ஆடி ஆடிச் சொன்ன ராகத்தோடு, "ஏழு மூணு இருபத்தொண்ணு... நூறும் இருபத்தொண்ணும்..." என்று போய்க்கொண்டிருந்தேன். மணி அடித்துவிட்டது. அடித்த பிறகுதான் 121-ஐ ஏழால் பெருக்கத் தோன்றியது. பரீட்சை ஹாலில் பேப்பரைப் பிடுங்கின பிறகு விடை ஞாபகம் வருமே, அதே வியாதி. பாட்டி ஜாடியைத் தர மறுத்துவிட்டார். அப்புறம் மெல்ல, "நீ சொன்னது பிரார்த்தனையா?" என்று கேட்டார். வாய்ப்பாடு என்றேன். பத்தாவது படித்த வருஷம் இரண்டும் ஒன்றுதான் என்பதை விளக்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

இங்கே பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைதான். அதற்கும் 2022-லிருந்து எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் பரீட்சை வைக்கிறார்கள்: 25 கேள்வி, கேள்விக்கு ஆறு நொடி. ஏன் பன்னிரண்டோடு நிறுத்தினீர்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. 1971-ல்தான் நூறுக்கு மாறினோம் என்றார். "அதைப் போட்டுப் போட்டே என் பால்யம் போச்சு" என்று பெருமூச்சு வேறு.

விடுவேனா? எங்கள் தாத்தா காலத்தில் பதினாறு அணா ஒரு ரூபாய், ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பைசா... இல்லை, பை. அதற்கு முன்னால் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி. அதில் கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு என்று அடுக்கினேன். முந்திரிக்கு என்ன இங்கிலீஷ் என்று தெரியாமல் முந்திரிப்பருப்பு என்று சொல்லித் தொலைத்தேன். பாட்டி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஒரு ரூபாய்க்கு 320 முந்திரிப்பருப்பா? அப்படியென்றால் உங்கள் தாத்தா பெரிய பணக்காரர்" என்றார்.

இப்போது பாட்டிக்கு நம் வாய்ப்பாட்டின் மேல் ஒரு கண். எண்கள் எந்த ஊர்க்காரருக்கும் புரியும் இல்லையா? அதனால் ஒரு வேலை செய். புதுமண்டபத்துக் கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன என்கிறாய். அங்கே போய் இருபதாம் வாய்ப்பாடு வரை உள்ள புத்தகம் ஒன்று வாங்கி அனுப்பு. சாணித்தாளில் இருந்தால் நல்லது, வாசனைக்காக. கூடவே கடலை மிட்டாய் கொஞ்சம் போடு. முந்திரிப்பருப்பு வேண்டாம், ஏற்கெனவே குழப்பம்.

தபால் செலவைக் குறித்து வை, சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது தருகிறேன். ஆனால் நீ கூட்டுகிற கணக்கை நான் ஒருமுறை கூட்டிப் பார்ப்பேன். எட்டாவதில் எனக்குப் பார்த்து எழுதக் கொடுத்த கணக்கே தப்பாக இருந்தது.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்சுப் பங்காளி