ரோபோ யோசிக்கக் கூடாது

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் சமாசாரம் எதுவானாலும் என்னிடம்தான் வரவேண்டும் என்பது நானே போட்டுவைத்த சட்டம். தொண்ணூறுகளில் கோர்ஸ் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழையச் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். உள்ளே ஏசி. தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்பார்கள். கர்ப்பக்கிரகத்தில் நிற்பதுபோல் மூச்சை அடக்கி நிற்போம். ஒரு மெஷினுக்கு மூன்று பேர். நடுவில் இருப்பவன் தட்டுவான், ஓரத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். நான் கடைசிவரை ஓரம். அப்படிப் பார்த்தே, வேர்ட்ஸ்டாரில் கன்ட்ரோல்-கே-பி அடித்தால் ஒரு பகுதியின் தொடக்கத்தைக் குறிக்கலாம் என்று கற்றுக்கொண்டேன். அந்த ஞானம் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது. வேர்ட்ஸ்டாரைத்தான் காணோம்.

ஆகவே, நாலாவது படிக்கிற மகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழட்டும் என்று தலையை நீட்டிக்கொண்டு நின்றதும் நான்தான்.

போன வருஷம்வரை வண்டி சிரமமில்லாமல் ஓடியது. கம்ப்யூட்டர் பரீட்சையைத் தாளில் எழுதுகிற காலம் அது. 'மவுஸ் படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று கேட்பார்கள்; வரைந்தாள். பெட்டியைக் காட்டி அதுதான் சிபியு என்று புத்தகம் சொன்னது. உள்ளே இருக்கிற சின்னச் சில்லுதான் சிபியு என்று நான் சொன்னேன். புத்தகத்தின்படி எழுதி முழு மார்க் வாங்கினாள்.

'கணினியின் தந்தை யார்?' என்பது நிச்சயம் வரும் கேள்வி. சார்லஸ் பாபேஜ். இந்த மனிதர்மீது எனக்குத் தனி ஒட்டுதல் உண்டு. டிஃபரன்ஸ் எஞ்சின் செய்கிறேன் என்று ஆரம்பித்தார்; இங்கிலாந்து அரசாங்கம் சுமார் 17,000 பவுண்டு செலவழித்துப் பார்த்துவிட்டு 1842-இல் கையை விரித்தது. அதற்குள் அவர் அனலிட்டிகல் எஞ்சின் என்று இன்னொன்றுக்குத் தாவியிருந்தார். அதையும் முடிக்கவில்லை. 1871-இல் காலமானார். அவர் வரைந்துவைத்த இரண்டாவது டிஃபரன்ஸ் எஞ்சினை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் செய்து பார்த்தது. கணக்கு பிசகாமல் போட்டது. குளியலறை அலமாரி என்னவாயிற்று என்று வீட்டில் கேட்கும்போதெல்லாம் இந்த 120 வருஷக் கணக்கைச் சொல்கிறேன். எடுபடுவதில்லை.

இந்த வருஷம் வந்த கம்ப்யூட்டர் மிஸ் வேறு ரகம். முதல் வீட்டுப்பாடத்திலேயே கம்ப்யூட்டரைத் தொடவேண்டாம் என்றுவிட்டார். நியூசிலாந்தில் டிம் பெல் என்ற பேராசிரியரும் சகாக்களும் மெஷினே இல்லாமல் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் முறை ஒன்றைப் பல வருஷமாகப் பரப்பி வருகிறார்கள். அந்த வழிதான் இது. 'தோசை சுடுவது எப்படி? ரோபோவுக்குப் புரியும்படி வரிசையாக எழுது. வீட்டில் ஒருவரை ரோபோவாக வைத்துச் சோதித்துப் பார்.'

"ரோபோ யோசிக்கக் கூடாது. சொன்னதை மட்டும்தான் செய்யணும்" என்று மகள் விதியைப் படித்தாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். "அப்பாவே இருக்கட்டும். தனியா நடிக்க வேண்டியதில்லை."

"கல்லை அடுப்பில் வை." வைத்தேன். "மாவை ஊற்று." ஊற்றினேன். அடுப்பைப் பற்றவைக்க யாரும் சொல்லவில்லை. மாவு வெள்ளையாக, ஆடாமல் அசையாமல் கிடந்தது. எனக்கு உள்ளூர ஆனந்தம். கல்யாணமான நாளிலிருந்து சமையலறையில் நடந்த ஒரு தப்புக்கு நான் பொறுப்பில்லை என்பது இதுவே முதல் தடவை. மகள் முகம் சுளிக்கவில்லை. இரண்டு வரிகளுக்கு நடுவே 'அடுப்பைப் பற்றவை' என்று செருகி, கல்லைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொன்னாள். எவ்வளவு மாவு என்று இல்லாததால் பாத்திரத்தோடு கவிழ்க்கப் போனேன். மனைவி ரோபோவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். 'ஒரு கரண்டி' சேர்ந்தது. பிறகு 'கல் காய்ந்ததும்' என்று எழுதினாள்.

"காய்ந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

"ரோபோ கேள்வி கேட்கக் கூடாதுப்பா."

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தண்ணி தெளிச்சுப் பாருடி. சுர்ருன்னா காஞ்சாச்சு. இல்லேன்னா சித்த நேரம் விட்டு மறுபடியும் தெளி. சுர்ருங்கிற வரைக்கும் மாவைத் தொடாதே."

என் கோர்ஸ் முழுக்க இவ்வளவு சுத்தமான லூப் ஒன்றை யாரும் எனக்குச் சொன்னதில்லை. என்ன சோதிப்பது, எதுவரை திரும்பத் திரும்பச் செய்வது, எப்போது வெளியே வருவது, எல்லாம் அதில் இருந்தது. அம்மாவிடம் சான்றிதழ் கிடையாது.

அடுத்த மாதம் ஸ்க்ராட்ச் வந்தது. எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007-இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட மொழி; கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டாம், வண்ணத் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்று கோத்தால் போதும், திரையில் ஆரஞ்சுப் பூனை நடக்கும். நான் கோத்தேன். பூனை விறுவிறுவென்று ஓரம்வரை போய், முட்டித் திரும்பி, தலைகீழாக நடந்து வந்தது.

"வைரஸ்" என்றேன். எங்கள் காலத்தில் எது நடந்தாலும் வைரஸ்.

அதற்குள் மகள் ஏதேதோ தட்டிக்கொண்டிருந்தாள். "கண்டதையும் தொடாதே!" என்று பதறினேன். சுழலும் விதம் என்று ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, இடம்-வலம் மட்டும் என்று மாற்றினாள். பூனை காலூன்றிவிட்டது. இந்தப் பயமின்மை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நான் படித்த பள்ளியில் தப்பு என்றால் சிவப்பு மை, கூடவே ஸ்கேல். இவளுக்குத் தப்பு என்றால் அடுத்த வேலை, அவ்வளவுதான்.

ராத்திரி ரகசியமாகப் படித்தேன். இதற்கெல்லாம் மூலபுருஷர் சிமோர் பேப்பர்ட். வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து 1967-இலேயே குழந்தைகளுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கியவர். அதில் பின்னால் வந்த ஆமை, போகிற வழியெல்லாம் கோடு இழுக்கும். கம்ப்யூட்டர் குழந்தையை ஆட்டிவைக்கக் கூடாது, குழந்தைதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் கட்சி. வழி புரியாவிட்டால் குழந்தையே ஆமையாக நடந்து பார்க்கட்டும் என்றார்.

மறுநாள் முக்கோணம் போடவேண்டும். சமபக்க முக்கோணம், உள்ளே ஒவ்வொரு கோணமும் 60 பாகை. ஆகவே நூறு அடி நட, 60 பாகை திரும்பு, மூன்று தடவை. தைரியமாகச் சொன்னேன். திரையில் பாதி அறுகோணம் வாயைப் பிளந்து நின்றது.

"நீங்க நடந்து காட்டுங்கப்பா" என்றாள்.

கூடத்தின் நடுவில் ஆமையானேன். நடந்தேன், 60 பாகை திரும்பினேன், நடந்தேன், மறுபடி திரும்பினேன், டிவி ஸ்டாண்டில் முட்டினேன். மகள் தோளைப் பிடித்து என்னை மேலும் திருகினாள். அப்போதுதான் விளங்கியது: ஆமை திரும்புவது வெளிக்கோணத்தில், 120 பாகை. புறப்பட்ட இடத்துக்கு, புறப்பட்ட திசையிலேயே வந்து நிற்க வேண்டுமானால் மொத்தம் 360 திரும்பியாக வேண்டும். மூன்று திருப்பத்தில் என் முக்கோணம் மூடிக்கொண்டது.

"என்னடி அவனைப் போட்டு இந்தச் சுத்துச் சுத்த விடறே?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல பாட்டி, அப்பாவுல ஒரு தப்பு இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "உடனே சேவ் பண்ணிடு கண்ணு. இப்பவே சொல்லிட்டேன்."