மூவாயிரம் செப்புக்காசும் ஒரு கழுதையும்: குடும்பச் சாகச விளையாட்டில் சுமைப் பிரச்சனை குறித்த ஓர் ஆய்வு

மேசைச் சாகச விளையாட்டின் அரக்கர்களைப் பற்றி அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். அரக்கன் செத்த பிறகு பெட்டியைத் தூக்குவது யார் என்ற கேள்வியை மட்டும் எல்லாரும் நைசாகத் தாண்டிப் போகிறார்கள். பிள்ளைகளோடு முதன்முதலாக ஆட உட்காரும் குடும்பத்தில் ரகளை கிளம்புவதே இந்த இடத்தில்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

மூல ஆதாரம் 1972-ஐச் சேர்ந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா ஊரில், கேரி கைகாக்ஸ் தாம் கற்பனையில் கட்டிய கிரேஹாக் கோட்டையின் நிலவறைக்குள் தம் மகனையும் மகளையும் இறக்கிவிட்டார். எல்லாம் வாய்ப்பேச்சில்தான்: அப்பா நடப்பதைச் சொல்வார், பிள்ளைகள் தாங்கள் செய்வதைச் சொல்வார்கள், சிக்கலான இடத்தில் பகடை தீர்ப்பளிக்கும். டேவ் ஆர்னெசனோடு சேர்ந்து 1974-இல் அவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த விளையாட்டு வகைக்கே தாய். அன்று பிள்ளைகள் அடித்துக் கொன்றது பூரானா, தேளா என்பது கைகாக்ஸுக்கே பின்னாளில் சரியாக நினைவில்லை. ஆனால் கிடைத்த பெட்டியில் 3,000 செப்புக்காசு இருந்ததும், அதைத் தூக்க முடியாமல் பிள்ளைகள் முகம் தொங்கிப்போனதும் நன்றாக நினைவிருந்தது. முக்கியமானது எது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கணக்குக்கு வருவோம். இதே விளையாட்டுக்கு 1978-இல் வந்த விதிநூலின்படி 10 காசு ஒரு பவுண்டு. அப்படியானால் பெட்டி 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ. மதிப்போ வெறும் 15 பொன். அந்நூலின் விலைப்பட்டியலில் ஒரு நீளவாள் வாங்கினால் தீர்ந்தது. 2014-இன் ஐந்தாம் பதிப்பிலோ 50 காசுதான் ஒரு பவுண்டு. அதே பெட்டி 60 பவுண்டாக இளைத்துவிடுகிறது. பலம் 10 உள்ள சாதாரண ஆள் 150 பவுண்டு வரை சுமக்கலாம் என்கிறது விதி. இடைப்பட்ட காலத்தில் செம்பின் எடை குறைந்ததாக இயற்பியலாளர் எவரும் அறிவிக்கவில்லை. பெற்றோர் மனம் இளகியதே காரணம் என்பது என் கருதுகோள்.

அதே 2014-இல் புதியவர்களுக்கென வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்’ சாகசமும் சரக்கு வண்டியோடுதான் தொடங்குகிறது. வழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும். புதரில் காப்ளின்கள் என்னும் குட்டி அரக்கர்கள் நான்கு பதுங்கியிருக்கும். பெரியவர்கள் வாளை உருவுவார்கள். எட்டு வயதுப் பெண் கேட்பாள்: “குதிரைமேல சேணம் இருக்கா? எடுத்துக்கலாமா? வண்டியில இடம் இருக்கா?” காப்ளினின் ஒரு வெட்டு சாதாரணமாக 8 புள்ளி வரை உயிரைக் குடிக்கும், அவள் ஏற்றிருப்பது போன்ற முதல் படி மந்திரவாதிக்குப் பெரும்பாலும் 6 முதல் 9 புள்ளிதான் உயிரே. தொப்பிக்கு நட்சத்திரம் வரைந்து முடித்த கையோடு அவளைச் சாகவிடுவது விதிப்படி சரி, வீட்டில் நடக்காது. காப்ளின்களை இரண்டாகக் குறையுங்கள். அவற்றுக்குப் பசி என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவளே பேரம் பேசி முடித்துக்கொள்வாள். (சோபாவுக்கடியில் உருண்ட பகடை செல்லுமா என்ற கிளைப் பிரச்சனையில், உச்ச எண்ணான 20 விழுந்தால் செல்லும் என்பதே பிள்ளைகள் தரப்பின் ஒருமித்த கருத்து.)

ஆய்வின் பரிந்துரை ஒன்றே ஒன்று: நிலவறை வாசலில் கழுதை விற்பவர் ஒருவரை நிறுத்துங்கள். ஐந்தாம் பதிப்பில் கழுதை 8 பொன். 420 பவுண்டு சுமக்கும். 1978-இன் பெட்டியை ஏற்றினாலும் இன்னும் 120 பவுண்டுக்கு இடமிருக்கும். இதில் ஒரே பக்கவிளைவு, கழுதைக்குப் பெயர் வைத்தாக வேண்டும். பெயர் வைத்த பிறகு அதை இருட்டுக்குள் ஓட்டிப்போகப் பிள்ளைகள் சம்மதிக்க மாட்டார்கள். வாசலில் தனியாகக் கட்டிவைக்கவும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே நிலவறைக்குள் அப்பாவும் அம்மாவும் மட்டும் போவதற்கு ஒரு தனி வரைபடம் தயாராக இருக்கட்டும்.