‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின் ‘அபவுட்’ வருமா? – ஒரு வேற்றுமை மயங்கியல் ஆய்வு

ஆங்கில வினைச்சொல் ஒன்றை எழுதி முடித்ததும் தமிழரின் பேனா சற்றே நிற்கும். அடுத்து ‘இன்’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா, ‘அட்’ போடுவதா, ஒன்றுமே போடாமல் கடந்துவிடுவதா என்று தவிக்கும் அந்த நேரமே இவ்வாய்வின் களம். எழுத்துப்பிழை விட்டவருக்குக் கணினி சிவப்புக் கோடு போட்டு உதவுகிறது. முன்னிடைச்சொல்லில், அதாவது பிரிப்பொசிஷனில், சிக்கியவருக்குப் பெரும்பாலும் பக்கத்து நாற்காலிக்காரர்தான் கதி. அவருக்கும் தெரியாது, ஆனால் தயங்காமல் சொல்வார்.

நோயின் மூலம் பழையது. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் நம்மைப் போலவே பெயரின் ஈற்றில் வேற்றுமை காட்டும் விகுதிகள் இருந்தன. சில நூற்றாண்டுகளில் அவை தேய்ந்து உதிர, அவற்றின் வேலையெல்லாம் பெயருக்கு முன்னால் நிற்கும் பொடிச் சொற்களின் தலையில் விழுந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சும் லத்தீனும் மூட்டை மூட்டையாக வினைச்சொற்களை இறக்கின. வந்த வினைக்கும் இருந்த பொடிச்சொல்லுக்கும் பொருத்தம் பார்க்க ஆளில்லை. ‘டிபெண்ட்’ என்பதற்கு லத்தீனில் ஒன்றிலிருந்து தொங்குவது என்று பொருள். ஆங்கிலேயர் அதற்கு ‘ஆன்’ கொடுத்து மேலே உட்கார வைத்துவிட்டார்கள்.

இனி நம் பக்கம். தொல்காப்பியர் வேற்றுமைக்கென மூன்று இயல்களை ஒதுக்கியவர். அவற்றுள் ஒன்றன் பெயரே வேற்றுமை மயங்கியல். ஓர் உருபின் இடத்தில் மற்றோர் உருபு வந்து நிற்பதை விரிவாகப் பேசுவது. அச்சத்தைச் சொல்லும்போது ‘பழியை அஞ்சும்’ என்றாலும் ‘பழியின் அஞ்சும்’ என்றாலும் குற்றமில்லை என்பது அவர் கொள்கை. நாம் இன்று பழிக்கு அஞ்சுகிறோம். அதற்கும் யாரும் நம்மைப் பிடித்து உள்ளே போடவில்லை. ஆங்கிலத்திலோ ‘ஃபியர்’ என்றால் பின்னால் ஒன்றும் கூடாது, ‘அஃப்ரெய்ட்’ என்றால் ‘ஆஃப்’ இல்லாமல் ஆகாது. பயப்படுகிறவனுக்கு இத்தனை நிபந்தனைகளா?

ஆகவே, ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதுபவரை அறியாதவர் என்பது அவதூறு. நாம் எதையும் ‘பற்றி’த்தான் விவாதிக்கிறோம், அந்தப் ‘பற்றி’யை அவர் கைவிட மனமின்றி உடன் அழைத்துச் செல்கிறார். அதே மனிதர்தான் ‘நாக் த டோர்’ என்றும் எழுதுகிறார். கதவைத் தட்டுவதற்கு நமக்கு ‘ஐ’ போதும். ஆங்கிலத்துக்கு ‘அட்’டோ ‘ஆன்’னோ வேண்டுமாம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர் ‘ரீச்டு டு ஹோம்’ என்பதும் நான்காம் உருபின் மேல் வைத்த விசுவாசமே. மிகுதியாகப் போட்டதும் போடாமல் விட்டதும் மொத்தக் கணக்கில் ஒன்றுக்கொன்று நேராகிவிடும் என்பது இக்கட்டுரையாளர் துணிபு. விடைத்தாள் திருத்துவோர் இந்தக் கணக்கை ஏற்பதில்லை.

கல்யாண விஷயம் தனியே ஆராயத்தக்கது. நமக்கு ஒருவரோடு ஒருவருக்குக் கல்யாணம் ஆகிறது. ஆதலால் ‘மேரீட் வித்’ என்கிறோம். ஆங்கிலம் ‘மேரீட் டு’ என்கிறது. தமிழில் இந்த நான்காம் வேற்றுமை ‘வாழ்க்கைப்பட்டாள்’ என்ற சொல்லோடுதான் வரும், அதுவும் பெண்ணுக்கு மட்டும். ஆங்கில இலக்கணப்படி ஆண்களும் மனைவிக்கு வாழ்க்கைப்பட்டவர்களே. உண்மைக்கு மிக நெருங்கி வந்த ஒரே விதி இது.

பஸ்ஸிலும் ஏறுகிறோம், காரிலும் ஏறுகிறோம், இரண்டுக்கும் ‘இல்’. ஆங்கிலேயருக்கு பஸ் என்றால் ‘கெட் ஆன்’, கார் என்றால் ‘கெட் இன்’. உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் ‘ஆன்’ என்று ஒரு சுருக்கு வழி சொல்வதுண்டு. காலை ஒன்பது மணி டவுன் பஸ்ஸில் இது செல்லாது. நடப்பது இருக்கட்டும், மூச்சை இழுத்து விடவே இடமிருக்காது. படிக்கட்டில் ஒரு கால் வைத்துப் பயணம் செய்பவரே ‘ஆன்’ என்பதற்கு முழுத் தகுதி உடையவர். லத்தீன் பொருளில் ‘டிபெண்ட்’ செய்பவரும் அவர்தான்.

ஆங்கிலத்தின் சொந்தக்காரர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. வாக்கியத்தின் கடைசியில் முன்னிடைச்சொல்லை விட்டுவிட்டார் என்று நாடக ஆசிரியர் பென் ஜான்சன் மீது 1672இல் குற்றம் சாட்டிய கவிஞர் டிரைடன், பிறகு தம் பழைய எழுத்தையே தேடிப் பிடித்துத் திருத்தினார். தீர்ப்பை எதிர்த்து லண்டன் வக்கீல் ‘அப்பீல் அகெய்ன்ஸ்ட்’ செய்கிறார். நியூயார்க் வக்கீல் ‘அகெய்ன்ஸ்ட்’ இல்லாமலே செய்துவிடுகிறார். கட்டணத்தில் மட்டும் இருவரும் எதையும் விடுவதில்லை.

நம் முன்னோர் கண்ட தீர்வுகள் இரண்டு. பேச்சில், ஐயத்துக்குரிய சொல்லை மென்று விழுங்கிவிடுவது. எழுத்தில், ‘இன்’ என்றும் ‘ஆன்’ என்றும் படிக்கக்கூடிய ஒரு சுழி போடுவது. திருத்துபவர் நல்லவராயின் சரியானதைப் படித்துக்கொள்வார். முன்னது இன்றும் வழக்கில் உள்ளது. பின்னதைத் தட்டச்சு ஒழித்துவிட்டது.

முடிபு: ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் ‘அபவுட்’ தாராளமாக வரும், ‘டிஸ்கஸ்’ என்று வினையாக எழுதினால் வராது. கை பழகிப்போய் ‘அபவுட்’ தானாக விழுந்துவிட்டால், அதை அடிக்காதீர்கள். முன்னாலிருக்கும் ‘டிஸ்கஸ்’ஸை அடித்துவிட்டு ‘டாக்’ என்று எழுதிக்கொள்ளுங்கள், மதிப்பெண் குறையாது.