பத்துப் புள்ளிக் கோலம்

காய்ச்சிய நெய்யை அடுப்படியிலேயே ஆற விட்டால் மணல் மணலாக உறையும். அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் தள்ளினால் வழவழவென்று ஆகிவிடும். உலோகத்துக்கும் ஏறக்குறைய இதே குணம். உருகிக் கிடக்கும் அணுக்கள் ஆற ஆற, அங்கங்கே நாலு பேர் முதலில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். பின்னால் வருகிறவர்கள் அவர்களை ஒட்டி வரிசை கட்டுவார்கள். ஒரு கூட்டத்தின் வரிசை பக்கத்துக் கூட்டத்தின் மேல் போய் முட்டுகிற இடம் எல்லை. எல்லைக்கு உட்பட்டது ஒரு மணி, அதாவது ஒரு குட்டிப் படிகம். பட்டறைக்காரர் வாயில் ‘கிரெய்ன்’. நிதானமாக ஆறினால் பெரிய மணி, சட்டென்று ஆறினால் பொடி மணி. இன்னும் விரட்டினால் மணியே கிடையாது: கால்டெக்கில் போல் டுவெ குழுவினர் தங்கத்தையும் சிலிக்கனையும் கலந்து அப்படி விரட்டியதில், அணுக்கள் நின்ற இடத்திலேயே கண்ணாடி மாதிரி உறைந்துபோனதை 1960-ல் உலகுக்குச் சொன்னார்கள்.

1982. அமெரிக்காவின் மேரிலாந்தில், அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்று. அலுமினியத்தில் மாங்கனீசைக் கலந்து உருக்கி, கிறுகிறுவென்று சுற்றும் சக்கரத்தின் மேல் பீய்ச்சினால் மெல்லிய நாடாவாகக் கெட்டிப்படும். ஆறும் வேகம் வினாடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவில். இஸ்ரேலிலிருந்து வந்திருந்த டான் ஷெக்ட்மன் அந்த நாடாவை ஏப்ரல் 8-ம் தேதி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். எலக்ட்ரான்கள் சிதறி விழுந்த கோலத்தில் வட்டமாகப் பத்துப் புள்ளி. எண்ணினார். திரும்ப எண்ணினார். நோட்டில் ‘10’ என்று எழுதிப் பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டார்.

கேள்விக்குறிக்குக் காரணம் உண்டு. படிகச் சமச்சீர், அதாவது ஒரு முழுச் சுற்றில் அதே கோலம் எத்தனை முறை திரும்பி வருகிறது என்பது, 2, 3, 4, 6 என்று மட்டுமே வரலாம் என்பது அன்றைய படிகவியல் சட்டம். ஐந்தும் பத்தும் தள்ளுபடி. ஒழுங்கான ஐங்கோண டைல்ஸைக் கொடுத்து இடைவெளியே இல்லாமல் தரையை நிரப்பச் சொன்னால், எந்த மேஸ்திரியும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இதுதான் சட்டத்தின் மொத்த நியாயமும்.

சுற்றியிருந்தவர்கள் ஒரே வார்த்தையில் வழக்கை முடித்தார்கள்: இரட்டை. அதாவது நாலைந்து மணிகள் சாய்வாக ஒட்டிப் பிறந்து, எல்லாம் சேர்ந்து பத்து மாதிரி வேஷம் போடுகின்றன. ஷெக்ட்மனுக்கும் முதலில் அதே சந்தேகம்தான். ஒரே மணிக்குள் எலக்ட்ரான் கதிரைக் குறுக்கிப் பார்த்தார். ஒட்டிப் பிறந்தது யாரும் இல்லை. ஒற்றை மணிக்குள்ளேயே அந்தக் கோலம். குழுத் தலைவர் படிகவியல் பாடப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, படித்துப் பார் என்றாராம். இதை வைத்துத்தான் வகுப்பே எடுக்கிறேன் என்றாராம் இவர். கடைசியில் குழுவை விட்டே போகச் சொன்னார்கள். இதெல்லாம் ஷெக்ட்மனே பின்னாளில் சொன்ன கதை.

கட்டுரை ஒரு பத்திரிகையிலிருந்து போன வேகத்தில் திரும்பி வந்தது. மொத்தம் நால்வர் பெயரில், 1984 நவம்பரில் ஒருவழியாக வேறிடத்தில் அச்சேறியது. உண்மையான சண்டையே அப்புறம்தான். லைனஸ் பாலிங் களத்தில் இறங்கினார். இரண்டு நோபல், அதுவும் யாரோடும் பங்கு போடாமல் வாங்கியவர். வைட்டமின் சி-யைக் கைநிறைய விழுங்கச் சொன்னவரும் அவரே. இந்தப் புதுப் பொருளுக்கு வந்த பெயரைப் பிடித்துக்கொண்டு, அரைகுறைப் படிகம் என்று ஒன்றும் இல்லை, அரைகுறை விஞ்ஞானிகள்தான் இருக்கிறார்கள் என்று கிண்டலடித்தார். ஐந்து மடிச் சமச்சீரைத் தவிர்ப்பதற்காக, ஆயிரத்தைத் தாண்டிய அணுக்களை அடைத்த ராட்சதக் கனசதுரம் ஒன்றைக் கற்பனையில் கட்டி, அதில் இரட்டைகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்தார். எனக்கென்னவோ, ஐந்தை ஒப்புக்கொள்வதற்கு இதைவிடக் குறைவான பாடுதான் பட்டிருக்க வேண்டும்.

அணுக்கள் செய்த குற்றம் அவசரம் மட்டுமே. அதே நாடாவை மறுபடி நன்றாகச் சூடாக்கினால் கோலம் கலைந்து, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சாதாரணப் படிகமாகிவிடும். பாலிங்குக்கு அப்படி ஒரு சூடு யாராலும் வைக்க முடியவில்லை. 1994-ல் இறக்கும்வரை அவர் இளகவில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பே சர்வதேசப் படிகவியல் ஒன்றியம், ‘படிகம்’ என்ற சொல்லுக்கு இருந்த இலக்கணத்தைச் சத்தமில்லாமல் மாற்றி எழுதிவிட்டது. ஷெக்ட்மனுக்கு 2011-ல் வேதியியல் நோபல் வந்தது. அவரும் யாரோடும் பங்கு போடவில்லை.