வயது ஏற ஏற நீளும் பாட்டு

வயதானால் பாடகர்கள் சுருதியை இறக்குவார்கள். பல்லவியை ரசிகர்களிடம் தள்ளிவிட்டு மைக்கை நீட்டியபடி மூச்சு வாங்குவார்கள். லண்டன் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன் மட்டும் தலைகீழ். 1980-இல் வந்த முதல் ஆல்பம் சுமார் 40 நிமிடம். 1984-லேயே 13 நிமிடப் பாட்டு ஒன்று போட்டார்கள்தான். ஆனால் அன்றைக்கு அது விதிவிலக்கு, இன்றைக்கு அதுவே விதி. 2010-இல் ‘தி ஃபைனல் ஃப்ரன்டியர்’, 76 நிமிடம். பெயரைப் பார்த்து, இதோடு கடையைக் கட்டுகிறார்கள் என்று பலர் கண்ணைக் கசக்கினார்கள். 2015-இல் ‘தி புக் ஆஃப் சோல்ஸ்’ வந்தது. இரண்டு டிஸ்க், 92 நிமிடம். 2021-இல் ‘சென்ஜுட்சு’, 82 நிமிடம். பத்து நிமிடம் மிச்சம் பிடித்திருக்கிறார்களே என்று மகிழ்ந்து போனோம்.

இதற்கெல்லாம் சூத்திரதாரி பேஸ் கிதார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ். ‘சென்ஜுட்சு’வின் கடைசி மூன்று பாட்டும் அவர் தனியாக எழுதியவை. ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மேல். மூன்றும் சேர்ந்தால் 34 நிமிடம். போதாக்குறைக்கு, 1999-இல் ஏட்ரியன் ஸ்மித் குழுவுக்குத் திரும்பியபோது, அவர் இடத்துக்கு வந்திருந்த யானிக் கெர்ஸையும் வைத்துக்கொண்டார்கள். டேவ் மரேயோடு சேர்த்து மூன்று கிதார். பந்தியில் உட்கார்ந்த மூவரில் ஒருவருக்கு மட்டும் பாயசம் இல்லை என்று சொல்ல முடியுமா? ஆளுக்கொரு சோலோ.

‘சென்ஜுட்சு’வின் கடைசிப் பாட்டான ‘ஹெல் ஆன் எர்த்’ பூனை நடையில்தான் தொடங்கும். ஒரு நாள் அதைப் போட்டிருந்தபோது, காபி டம்ளரோடு வந்த மாமியார் சோபாவில் உட்கார்ந்தார்.

“பரவாயில்லையே மாப்பிள்ளை, மனசுக்கு இதமா இருக்கே.”

எச்சரிக்க வாயெடுப்பதற்குள் டிரம்ஸ் இறங்கிவிட்டது. டம்ளர் டபராவுக்குள் தாளம் போட்டது.

“யாரு இப்படிப் போட்டு அடிக்கிறது?”

“நிக்கோ மெக்பிரெய்ன், அத்தை. அறுபது தாண்டினவர்.”

“சஷ்டியப்த பூர்த்தி ஆன மனுஷனா?” என்றவர், கொஞ்சம் யோசித்து, “வீட்ல யாரும் எதுவும் சொல்றதில்லையா?” என்றார்.

பாட்டு மறுபடி அடங்கியது. முடிந்துவிட்டது என்று நம்பி எழுந்தார். முடியவில்லை. சமையலறையிலிருந்து என் மனைவி, “அம்மா, நீ உட்காரு, அது இன்னும் ரெண்டு தடவை முடியும்” என்றாள்.

பாடகர் புரூஸ் டிக்கின்சன் மட்டும் சளைத்தவரா? ‘தி புக் ஆஃப் சோல்ஸ்’ கடைசியில் அவர் பியானோவில் அமைத்த ‘எம்பயர் ஆஃப் தி கிளவுட்ஸ்’ ஓடுவது 18 நிமிடம். 1930 அக்டோபரில், அன்றைய இந்தியாவின் கராச்சிக்குக் கிளம்பி, பிரான்சில் விழுந்து 48 பேரைப் பலிகொண்ட ஆர்101 என்ற பிரிட்டிஷ் ஆகாயக் கப்பலின் கதை. பதறாமல், எல்லா விவரத்தோடும், புறப்பட்டதிலிருந்து சொல்கிறார். அந்த ஆல்பத்தைப் பாடி முடித்த பிறகுதான் அவருக்கு நாக்கில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை முடித்து, 2016 சுற்றுப்பயணத்தில் குழுவின் போயிங் 747-ஐத் தானே ஓட்டினார். ஆம், மனிதர் விமானியும்கூட. தரையிறங்குமுன் வழக்கமான அறிவிப்புக்கு எத்தனை நிமிடம் எடுத்துக்கொண்டாரோ!

என் கட்சி இதுதான்: இந்த நீளம் கிழத்தனம் அல்ல, துணிச்சல். இளைஞனுக்குத்தான், கேட்பவன் எழுந்து போய்விடுவானோ என்ற பயம். இவர்களுக்கு அந்தப் பயம் விட்டுப்போய்விட்டது. போகிறவன் போகட்டும், இருக்கிறவனுக்கு முழுக் கதை.

இப்படி நான் ஊரெல்லாம் வாதாடிக்கொண்டிருக்க, குழு தொடங்கி ஐம்பது வருடம் ஆனதற்காக 2025-இல் கிளம்பிய சுற்றுப்பயணத்தில் 1980 முதல் 1992 வரையிலான பாட்டுகள் மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார்கள். உலகமே ஆர்ப்பரித்தது. நானும் ஆசையாக முதல் ஆல்பத்தைப் போட்டேன். மூன்று நிமிடப் பாட்டெல்லாம் இப்போது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. பிளேயரைத் தட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்வதற்குள் முடிந்துவிடுகிறது.